பின்னால் நிற்பவர்கள்

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் அவருடைய பெண், கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு பிரௌசரைப் போட்டுக்கொண்டு அதைப் பற்றியே காலையும் மாலையும் பேசுகிறாளாம். "நாம் பார்ப்பதை எல்லாம் அதுவும் கூடவே படிக்கிறதாம், கேட்டால் பதில் சொல்கிறதாம். எனக்கென்னவோ பயமாக இருக்கிறது. புதுசாக எது வந்தாலும் ஜனங்கள் முதலில் இப்படித்தான் ஆகா ஊகூ என்பார்களா? போட்டுக்கொள்ளலாமா, கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்.

எந்தப் பிரௌசர் என்று அவர் எழுதவில்லை. 2025 அக்டோபரில் 'அட்லஸ்' என்ற பெயரில் ஓப்பன் ஏஐ கம்பெனியார் ஒன்றை வெளியிட்டார்கள். அந்த ஜாதியைச் சேர்ந்ததாக இருக்கலாம். அதை முதலில் ஆப்பிள் கம்பெனியின் மாக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டுமே கொடுத்தார்கள். மற்றவர்களெல்லாம், "எங்களுக்கு எப்போது?" என்று முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பைக் கேட்டதும் எனக்குப் பதினேழு வருஷத்துக்கு முந்திய ஒரு பிள்ளையார் சதுர்த்தி ஞாபகம் வந்துவிட்டது. ஆகவே, சகோதரியின் கேள்விக்கு நேரே பதில் சொல்லாமல் அந்தக் கதையைச் சொல்கிறேன். பதில் அதற்குள்ளேயே எங்கேயாவது கிடைக்கும்.

பிரௌசர் என்றால் என்னவென்று கேட்க இன்னமும் சிலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம். ரயில் டிக்கெட் வாங்கவோ, பையனின் பரீட்சை முடிவைப் பார்க்கவோ இணையத்துக்குள் போகிறீர்களே, அப்போது எந்த ஜன்னலைத் திறந்துகொண்டு போகிறீர்களோ அதுதான் பிரௌசர். தமிழில் அழகாக 'உலாவி' என்று சொல்கிறார்கள். 2008-ஆம் வருஷத்தில் முக்கால்வாசி வீடுகளில் இருந்த ஜன்னல், மைக்ரோஸாஃப்ட் கம்பெனியின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். விஷயம் தெரிந்தவர்கள் 'பயர்ஃபாக்ஸ்' வைத்திருந்தார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 2-ந் தேதி கூகிள் கம்பெனியார் 'குரோம்' என்ற புது ஜன்னலைத் திறந்தார்கள்.

அதை அவர்கள் அறிவித்த விதமே ஒரு வேடிக்கை. நம் பத்திரிகையைப் பிரித்தவுடன் சித்திரக் கதைப் பக்கத்துக்குத் தாவுகிறவர்கள் இதை ரசிப்பார்கள். ஸ்காட் மெக்லவுட் என்ற அமெரிக்கச் சித்திரக்காரரைப் பிடித்து, 38 பக்கத்துக்கு ஒரு படக்கதை எழுதி வாங்கினார்கள். கதாபாத்திரங்கள் எல்லாரும் கூகிள் இன்ஜினீயர்கள். கட்டம் கட்டமாக நின்றுகொண்டு, பிரௌசரை ஏன் புதிதாகச் செய்தோம் என்று பேசுகிறார்கள். இந்தப் புத்தகத்தைப் பத்திரிகைக்காரர்களுக்கு ரகசியமாகத் தபாலில் அனுப்பினார்கள். அங்கே அது நீண்ட வார விடுமுறை. செப்டம்பர் 1 திங்கட்கிழமை தொழிலாளர் தினம். ஆனால் ஜெர்மனியில் விடுமுறை ஏது? அங்கே ஒருவருக்குப் புத்தகம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உலகத்துக்கே காட்டிவிட்டார்! கூகிள்காரர்கள், "கொஞ்சம் அவசரப்பட்டு அனுப்பிவிட்டோம்" என்று அசடு வழிந்துகொண்டே மறுநாள் வெளியீடு என்று ஒப்புக்கொண்டார்கள். உலகத் தகவல் அத்தனையையும் கைக்குள் வைத்திருக்கும் கம்பெனி, ஒரு தபால் விஷயத்தில் கோட்டை விட்டது.

அந்த அறிவிப்பில் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் பெயர் சுந்தர் பிச்சை. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். வீட்டுக்கு டெலிபோன் வருவதற்கு ஐந்து வருஷம் காத்திருந்த குடும்பம் எங்களுடையது என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். 2015-இல் கூகிளின் தலைமைப் பதவிக்கு வந்தபோது ஊரே கொண்டாடியது. 2008-இல் அந்தப் பெயர் நம்மில் எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும்?

அமெரிக்காவில் செப்டம்பர் 2 மத்தியானம் என்றால் நமக்கு நடுநிசி. விடிந்தால் பிள்ளையார் சதுர்த்தி. அப்போது நான் கல்லூரி மாணவப் பருவம். மாம்பலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஊஞ்சலுக்கு எதிரே, அம்மா தைத்த பூ வேலை உறையைப் போர்த்திக்கொண்டு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கும். கொழுக்கட்டைக்குப் பூரணம் கிளறும் வாசனை ஒரு பக்கம் வர, நானும் என் அக்காவும் புதுப் பிரௌசரை இறக்கிப் போட்டோம்.

முதல் அபிப்பிராயம் எங்கள் வீட்டில் என்னவோ, உலகத்திலும் அதுவேதான்: "அடேயப்பா, என்ன வேகம்!" எந்தப் பக்கத்தைத் தொட்டாலும் பட்டென்று திறந்தது. இதற்குக் காரணம் உள்ளே வைத்திருந்த 'வி-8' என்ற இயந்திரம். டென்மார்க் தேசத்தில் ஆர்ஹுஸ் என்ற ஊரில் லார்ஸ் பாக் என்பவர் தலைமையில் அதைச் செய்தார்கள். பயர்ஃபாக்ஸ்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஓரிரு நாளைக்குள், "எங்களுடைய அடுத்த இயந்திரம் இதையும் மிஞ்சும்" என்று கணக்கெல்லாம் போட்டுக் காட்டினார்கள். இந்தப் போட்டியில் லாபம் நமக்குத்தான்.

இரண்டாவது அபிப்பிராயம், "என்ன, ஒன்றையுமே காணோம்?" என்பது. மேலே பட்டைகள் இல்லை, பொத்தான்கள் இல்லை; துடைத்துவைத்த சமையல் மேடை மாதிரி பளிச்சென்று இருந்தது. சிலருக்கு அது நிம்மதி; சிலருக்கோ கையில் அகப்பட வேண்டிய கரண்டியை யாரோ ஒளித்துவைத்த மாதிரி. பழைய பிரௌசரில் கூடுதல் சாமான்களை மாட்டிப் பழகியவர்களுக்கு இதில் மாட்ட ஓர் ஆணி கூடக் கிடையாது. அதெல்லாம் 2010-இல்தான் வந்தது. மாக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களோ ஒரேயடியாகக் கொதித்தார்கள். ஏனென்றால் அன்று குரோம் விண்டோஸுக்கு மட்டுமே கிடைத்தது. (இப்போது அட்லஸ் விஷயத்தில் அந்த வரிசை அப்படியே திரும்பிவிட்டது, பாருங்கள்!)

மூன்றாவது விசேஷத்தைச் சொல்ல அடுப்பங்கரைக்குத்தான் வரவேண்டும். பழைய பிரௌசர்களில் எத்தனை பக்கங்களைத் திறந்தாலும் எல்லாம் பெரும்பாலும் ஒரே அடுப்பில் வேகும். ஒன்று பொங்கி அடுப்பை அணைத்தால் மற்ற எல்லாமும் வேகாமல் போகும். பாதி எழுதின கடிதமும் போச்சு. குரோமில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி அடுப்பு. ஒன்று அணைந்தால் அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு சோக முகம் தோன்றும். மற்றவை தம் பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருக்கும். தனி அடுப்பு என்றால் இடமும் விறகும் அதிகம் ஆகுமே? ஆயிற்று. கம்ப்யூட்டரின் ஞாபக சக்தியை இது அதிகம் விழுங்குகிறதே என்ற புகார் அன்றைக்குத் தொடங்கியது, இன்னும் ஓயவில்லை.

இப்படிப் பெருமையடித்துக்கொண்ட பிரௌசரை வெளிவந்த ஓரிரு நாளிலேயே ஒருவர் இரண்டே எழுத்தில் வீழ்த்தினார். விலாசம் எழுதும் இடத்தில் ஏதோ ஒரு சொல்லைப் போட்டு அதன் பின்னே முக்காற்புள்ளியும் சதவீதக் குறியும் அடுத்தடுத்துப் போட வேண்டியது. அவ்வளவுதான், ஒரு பக்கமல்ல, பிரௌசரே மொத்தமாகக் குப்புற விழுந்தது! விஷயம் பரவியதும் ஜனங்கள் பிரியமாக உட்கார்ந்து தங்கள் பிரௌசரைத் தாங்களே வீழ்த்திப் பார்த்து மகிழ்ந்தார்கள். அக்காவும் நானும் மூன்று தடவை வீழ்த்தினோம். சில நாளில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். 'சோதனைப் பதிப்பு' என்று ஆரம்பத்திலேயே எழுதி ஒட்டியிருந்ததால் யாரும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. ஜெர்மனி சர்க்காரின் தகவல் பாதுகாப்பு இலாகா மட்டும், "அன்றாடக் காரியங்களுக்கு இதை உபயோகிக்க வேண்டாம்" என்று முகத்தைச் சுளித்துச் சொன்னது.

வேகம், அழகு, சோக முகம் எல்லாம் இருக்கட்டும். வீட்டில் இருப்பவர்களுக்குப் பிரதானமான விஷயம் வேறு.

குரோமைப் போட்டுக்கொள்ளும்போது ஒரு நீண்ட ஒப்பந்தம் வரும். 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்தினால்தான் மேலே போகலாம். நாங்கள் அழுத்தினோம். உலகத்தில் லட்சக்கணக்கானவர்கள் அழுத்தினார்கள். ஆனால் எங்கேயோ சிலர் உட்கார்ந்து படித்தார்கள். படித்துக்கொண்டே வந்தவர்கள் பதினோராவது ஷரத்தில் திடுக்கிட்டு நின்றார்கள். இந்தச் சேவையின் வழியாக நீங்கள் வெளியிடும் எதையும் பிரதி எடுக்க, மாற்ற, பிரசுரிக்க, விநியோகிக்கக் கூகிளுக்கு நிரந்தரமான, திரும்பப் பெற முடியாத, உலகம் பூராவுக்குமான, காசு கொடுக்கத் தேவையில்லாத உரிமையை அளிக்கிறீர்கள் என்று அதில் இருந்தது! யோசித்துப் பாருங்கள். பிரௌசர் வழியாகத்தானே எல்லாமே போகிறது? மகளுக்கு எழுதும் கடிதம், பேரக்குழந்தையின் படம், கல்யாணத்துக்குப் போட்ட கணக்கு எல்லாமும்தான். ஜன்னல் செய்து மாட்டிய ஆசாரி, அந்த ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும் காற்றில் எனக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் எப்படி இருக்கும்?

கூச்சல் எழுந்தது. கூகிளின் சட்ட அதிகாரி, இது மற்றச் சேவைகளுக்கு எழுதிவைத்த பொது ஒப்பந்தம், அதையே இதற்கும் எடுத்துப் போட்டுவிட்டோம், திருத்துகிறோம் என்று மறுநாளே சொன்னார். அந்த ஷரத்தையும் அடித்தார்கள். அதோடு, முன்பே 'சம்மதம்' கொடுத்தவர்களுக்கும் திருத்தம் செல்லும் என்றார்கள். படித்தவர்கள் சிலர், விடுதலை எல்லாருக்கும்.

இந்தச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்து அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா பாங்கியில் ஒரு பாரம் கொடுத்தால் முன்னும் பின்னும் படித்து, பொடி எழுத்துக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உச்சுக்கொட்டினாலும் அசையாமல், கடைசி வரி முடிந்த பிறகே கையெழுத்துப் போடுகிறவள். இதற்காக அப்பா எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறார். "நீங்க ரெண்டு பேரும் படிச்சுட்டுத்தானே அமுக்கினீங்க?" என்று மட்டும் கேட்டாள். நானும் அக்காவும் கொழுக்கட்டைத் தட்டில் தலையைக் குனிந்துகொண்டோம்.

அடுத்த சந்தேகம் மேலே இருந்த ஒற்றைக் கட்டத்தைப் பற்றியது. விலாசம் எழுத ஓர் இடம், தேட ஓர் இடம் என்று இரண்டாக இருந்ததைக் குரோம் ஒன்றாக்கிவிட்டது. எழுத ஆரம்பித்ததுமே, "இதுவா, அதுவா?" என்று அதுவே யோசனை சொல்லும். கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் யோசனை சொல்ல வேண்டுமானால் நீங்கள் தட்டும் எழுத்துக்கள் எழுத எழுதவே அந்தக் கம்பெனிக்குப் போயாக வேண்டுமே! பாதி எழுதி, வேண்டாமென்று அழித்ததும்கூடப் போகும் அல்லவா? இதைக் கண்டுபிடித்துப் பலர் கேட்டார்கள். அப்படி வருவதில் நூற்றுக்கு இரண்டைத்தான் பதிவு செய்கிறோம் என்றது கூகிள். முணுமுணுப்பு அடங்கவில்லை. செப்டம்பர் 8-ந் தேதி, அந்த இரண்டிலும் யார் என்று காட்டும் அடையாளத்தை 24 மணி நேரத்துக்குள் நீக்கிவிடுவோம் என்று அறிவித்தார்கள். வெளிவந்து ஒரு வாரங்கூட முழுசாக ஆகவில்லை. அதற்குள் இரண்டு இடத்தில் பின்வாங்கினார்கள். முதல் வாரத்தில் வரும் அபிப்பிராயங்களுக்கு உள்ள பலம் அது. பின்னால் எல்லாருக்கும் பழகிவிடும்.

வீட்டுக்குள்ளே உள்ள ரகசியத்துக்கும் ஒரு சங்கடம் வந்தது. புதிதாக ஒரு பக்கம் திறந்தால், நீங்கள் அடிக்கடி போகும் ஒன்பது இடங்களைக் குட்டிக் குட்டிப் படங்களாக அதுவே காட்டும். கம்ப்யூட்டர் ஒருவருடையதாக இருந்தால் சௌகரியம். ஐந்து பேருக்குப் பொது என்றால்? யார் எங்கே போகிறார்கள் என்று கூடத்திலேயே படம் மாட்டிவைத்த மாதிரி! பலர் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு இதைப் பற்றி எழுதினார்கள்.

இதற்கு மாற்றாகக் குரோமிலேயே ஒரு மறைவு ஜன்னல் இருந்தது. தொப்பியும் நீள அங்கியும் போட்ட, துப்பறியும் கதையிலிருந்து இறங்கி வந்தவர் போல ஒரு பொம்மை அதன் மூலையில் நிற்கும். இதில் பார்த்தால் எங்கே போனோம் என்ற சுவடு கம்ப்யூட்டரில் தங்காது. இது கூகிளின் கண்டுபிடிப்பல்ல. ஆப்பிளின் பிரௌசரில் 2005-லேயே உண்டு. மைக்ரோஸாஃப்டும் ஒரு வாரத்துக்கு முன்புதான் தன் சோதனைப் பதிப்பில் கொடுத்திருந்தது. வீட்டாருக்குத் தெரியாமல் பிறந்தநாள் பரிசு வாங்கலாமே என்று இதற்குக் காரணம் சொன்னார்கள். ஜனங்கள் வேறு காரணம் சொல்லிச் சிரித்தார்கள். குடும்பப் பத்திரிகையில் அது வேண்டாம்.

அந்த ஜன்னலைத் திறந்ததும் ஓர் எச்சரிக்கை வரும். யார் எழுதினாரோ, நல்ல நகைச்சுவை உள்ளவர். இவர்களிடம் ஜாக்கிரதை என்று ஒரு ஜாபிதா: உங்களைப் பற்றித் தகவல் சேர்க்கும் தளங்கள், நீங்கள் போகும் இடங்களைக் கவனிக்கும் இணைய கம்பெனிகளும் முதலாளிகளும், ரகசிய ஒற்றர்கள்... கடைசியில், 'உங்களுக்குப் பின்னால் நிற்பவர்கள்'!

அக்கா அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீ போய்ப் பூஜைக்கு அறுகம்புல் கிள்ளு" என்று என்னை விரட்டினாள்.

அப்போது அக்கா பி.காம். முடித்து வீட்டில் இருந்தாள். அப்பா ஜாதகங்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு வேலைக்குப் போக வேண்டும், அதுவும் வெளியூரில். வாய் திறந்து கேட்டால் வீடு இரண்டுபடும். ஆகையால் தினமும் மத்தியானம், அப்பா ஆபீசிலும் அம்மா அடுக்களையிலும் இருக்கும்போது, தொப்பிக்காரர் ஜன்னலைத் திறந்து புனா, ஹைதராபாத் கம்பெனிகளுக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் நான் பாரா. அந்த வருஷம் செப்டம்பர் பாதியில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவாலாகி உலகமெங்கும் உத்தியோகங்கள் உதிர்ந்த காலம். பதில் வருவதே அபூர்வம். ஒரு நாள் அவள் விசும்பினது எனக்குக் கேட்டது. ஜன்னலை மூடிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். மறுநாள் மறுபடி உட்கார்ந்தாள்.

அந்த மறைவு எவ்வளவு மறைவு என்பது 2020-இல் அமெரிக்காவில் வழக்காயிற்று. மறைவு ஜன்னலில் போனவர்களைப் பற்றியும் கூகிள் தகவல் சேர்த்தது என்று சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2024 ஏப்ரலில் சமரச நிபந்தனைகள் வெளியாயின: கோடிக்கணக்கான பதிவுகளை அழித்துவிடுவதாகவும், எச்சரிக்கை வாசகத்தை இன்னும் விளக்கமாக எழுதுவதாகவும் கூகிள் ஒப்புக்கொண்டது. ஏமாற்றினோம் என்று மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. தகவல் சேர்க்கும் தளங்களிடம் ஜாக்கிரதை என்று முதல் நாளே அந்த ஜாபிதா சொல்லியிருந்தது என்னவோ வாஸ்தவம். எழுதினவர்களும் அந்தத் தளங்களில் ஒருவராக இருப்பார்கள் என்று படித்தவர்களுக்குத் தோன்றவில்லை; எனக்கும் தோன்றவில்லை.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரிந்த கதை. 2008 டிசம்பர் 11-ந் தேதி, நூறே நாளில், 'சோதனை' என்ற அட்டையைக் கழற்றினார்கள். 2012 மே மாதத்தில் குரோம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை முந்திவிட்டதாக ஸ்டாட்கௌன்டர் கணக்குச் சொன்னது. 2022 ஜூனில் மைக்ரோஸாஃப்ட் அந்தப் பழைய ஜன்னலுக்கு ஆதரவை நிறுத்தி மங்களம் பாடிற்று. குரோம் மிகவும் பெரிதாகிவிட்டது, அதை விற்றுவிட உத்தரவிட வேண்டும் என்று அமெரிக்க சர்க்காரே கோர்ட்டில் கேட்டது. விற்க வேண்டியதில்லை என்று நீதிபதி தீர்ப்பளித்த நாள் 2025 செப்டம்பர் 2. குரோமின் பிறந்தநாள்! வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்காதீர்கள்.

திருச்சிச் சகோதரிக்கு: பெண் போட்டுக்கொள்ளட்டும். 'சம்மதம்' அழுத்துமுன் அவளை அந்த ஒப்பந்தத்தை உங்களுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் நிறுத்துங்கள். அவளுக்கும் அது புரியாமல்தான் இருக்கும். பார்த்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டுமா என்று அட்லஸ் கேட்கும். இந்த வகைப் பிரௌசர்களில் அப்படிக் கேட்கும் இடத்தையும், பின்னால் அதை அழிக்கும் இடத்தையும் அவளே உங்களுக்குக் காட்டட்டும். பாங்கிக் கணக்கை அந்த ஜன்னல் வழியாக இப்போதைக்குத் திறக்க வேண்டாம். நான் திறப்பதில்லை.

அக்காவுக்கு 2009 ஜனவரியில் புனாவில் வேலை கிடைத்தது. செய்தியை எப்படி உடைப்பது என்று நாங்கள் இருவரும் இரண்டு நாள் ஒத்திகை பார்த்தோம். மூன்றாம் நாள் அக்கா அம்மாவிடம் போய், "அம்மா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தாள். அம்மா பரண் மேலிருந்து ஒரு புது சூட்கேஸை இறக்கிக் கூடத்தில் வைத்தாள்.

"சதுர்த்தி வாரத்திலேருந்து பாத்திரக்காரியோட சீட்டிலே போட்டு வாங்கினேன்" என்றாள். "தினம் மத்தியானம் மோர் கொண்டு வந்து வெச்சுட்டுப் போவேனே, நீ திரும்பியா பார்த்தே?"